வான்வழித் தூரமும் வலியசாலையும்

திருவனந்தபுரத்து வலியசாலைக்கும் சங்குமுகத்தை அடுத்த விமான நிலையத்திற்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவே உண்டு. எனினும் இத்தெருவின் தமிழ்க் குடும்பங்கள் தூரத்தை அளந்தது கிலோமீட்டரால் அன்று. 'தந்தி கிடைத்தால் பிள்ளை எப்பொழுது வந்து சேர்வான்?' என்ற கேள்வியால்தான். ஈமக்கடனுக்கு மூத்த மகனை எதிர்பார்த்திருப்பதா, பங்காளி ஒருவரைக் கொண்டு முடிப்பதா என்பதை ரயில் அட்டவணையே தீர்மானித்த காலம் நெடுநாள் நீடித்தது.

இந்நிலை மாறுவதற்கு வித்து 1935ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஊன்றப்பட்டது. அன்றுதான் டாடா கம்பெனியின் விமானம் பம்பாயிலிருந்து முதன்முறையாக இங்கு வந்திறங்கியது. செலுத்தி வந்தவர் நெவில் வின்சென்ட். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் பிரபு விடுத்த வாழ்த்தும் அதில் வந்தது. நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர் அஞ்சலின் கடிதங்களை ஏற்றிக்கொண்டு அவ்விமானம் பம்பாய்க்குத் திரும்பிற்று. மணி கட்டிய கோலுடன் ஓட்டக்காரர் சுமந்து சென்ற அஞ்சல் அது. 1951இல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. தபாலுக்கு இன்று நாம் எழுதும் அச்சொல் இங்கே அன்றே அரசாங்கச் சொல்லாய் வழங்கிற்று என்பதில், மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வந்திறங்கிய விமானம் 'பாக்ஸ் மாத்' என்னும் இரட்டை இறக்கை விமானம். பிரயாணிகள் சிலர் மூடிய சிற்றறையில் அமர, விமானி அவர்களுக்குப் பின்னே திறந்த இருக்கையில் காற்றில் நனைந்து வருவார். வேகம் மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பம்பாய்க்கு நேர்கோட்டில் 1,250 கிலோமீட்டர். ஆகவே பறக்கும் நேரம் மட்டுமே எட்டு மணிக்கு மேல். கண்ணனூரிலும் கோவாவிலும் இறங்கி ஏறும் நேரம் வேறு. இன்றைய ஜெட் விமானம் அதே தூரத்தை இரண்டு மணி அளவில் கடந்துவிடுகிறது.

ஆனால் தூரம் குறையக் குறைய விமானத்தின் இலாபமும் குறைகிறது. மதுரை விமான நிலையம் இங்கிருந்து நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்தான். நாகர்கோவில், திருநெல்வேலி வழியே சாலையில் சென்றால் சுமார் 300. வரைபடத்தில் இது பெரிய ஆதாயமாகத் தோன்றும். மேலேறுவதும் கீழிறங்குவதுமே பிரயாணத்தின் பெரும்பகுதியாகிவிட, நிலையத்தில் காத்திருக்கும் நேரமும் சேர்ந்தால் ஆதாயம் எங்கே? மதுரையில் சம்பந்தம் செய்தவர்க்கு ரயிலும் பஸ்ஸுமே கதி. கொழும்பின் கதை வேறு. அது சென்னையைவிட நமக்கு அண்மையில் உள்ளது: சென்னை 610 கிலோமீட்டர், கொழும்பு 375. நடுவே கடல் இருத்தலால் அங்கே விமானத்திற்குப் போட்டியில்லை.

அட்டவணையை வேகம் மட்டுமா நிர்ணயிக்கிறது? ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு எழுந்தருளும் வழி இவ்விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கடந்தே கடற்கரைக்குச் செல்கிறது. அவ்விரு மாலைகளிலும் சில மணி நேரம் ஓடுபாதை மூடப்படும். விமானங்களின் நேரம் முன்கூட்டியே மாற்றப்படும். சுவாமி சங்குமுகத்தில் நீராடித் தீவட்டி வெளிச்சத்தில் திரும்பிய பின்னரே, பம்பாயிலிருந்து வரும் பிள்ளையும் தரையிறங்கலாம்.