சொல்லிசையும் நம் இளைஞரும்

பண்டார் தெங்காராவைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களிலாயினும் நகரத்திலாயினும், நம் இளைஞர் விரும்பும் துள்ளலான ஹிப் ஹாப் பாட்டை வெறுங் கூச்சலென்று இகழும் பெரியோர் உளர். இகழுமுன் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம்.

1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவினின்று குடியேறிய குடும்பத்துப் பெண்ணொருத்தி, பள்ளிக்கு உடுத்தப் புத்தாடை வாங்கும் பொருட்டுக் கட்டணம் வைத்து ஓர் ஆடல் விருந்து நடத்தினாள். அவள் தமையன் கூல் ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளை மாறி மாறிச் சுழற்றி, தாளம் மேலோங்கும் பகுதியை நீட்டி ஆடுவோரை மகிழ்வித்தான். எளியோர் வீட்டு அம்மகிழ்ச்சியே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

மலேசியாவில் 'பொயட்டிக் அம்மோ' குழுவினால் பெயர்பெற்ற யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் கூடி, 2006-இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள 'மடை திறந்து', 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்திற்கு இளையராஜா அமைத்த பாட்டைத் தழுவியது. உற்சாகமூட்டும் சொல்லிசைகளுள் எமக்கு முதன்மையானது அதுவே. அடுத்த ஆண்டே தமிழகத்துப் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது. நெடுங்காலம் தாயகத்துப் பாட்டை வாங்கிக் கேட்டிருந்த நாம், அன்று கொடுப்போருமாயினோம்!

தோட்டத்துத் தப்பொலியையும் இழிந்ததென ஒதுக்கியோர் முன்பு இருந்தனரன்றோ? அப்பிழையை மீண்டும் செய்யற்க. பெற்றோரே, பிள்ளைகளுடன் ஒருமுறை அமர்ந்து கேளுங்கள். குறை கண்டால் கூறுங்கள். தமிழ் கண்டால் மகிழுங்கள்.