பயிற்சி ஒப்பந்தம் (சொலிசிட்டர்)

பயிற்சி ஒப்பந்தம் என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் சொலிசிட்டர் ஆக விரும்பும் ஒருவரை ஒரு சட்ட நிறுவனம் இரண்டு ஆண்டுகள் ஊதியத்துடன் பயிற்றுவிப்பதற்காகச் செய்துகொள்ளும் உடன்படிக்கை ஆகும். அங்கு சட்டத்தொழில் இரு கிளைகளாக உள்ளது. நீதிமன்றத்தில் வாதிடுவதை முதன்மையாகக் கொண்டவர்கள் பாரிஸ்டர்கள். கட்சிக்காரருக்கு அறிவுரை கூறுதல், ஆவணங்கள் எழுதுதல், வழக்கை ஆயத்தம் செய்தல் முதலியன சொலிசிட்டர்களின் பணிகள். நிறுவன இணைப்பு, வங்கிக் கடன், பங்கு வெளியீடு போன்றவற்றைக் கையாளும் இலண்டன் வணிகச் சட்ட நிறுவனங்களில் இவ்வொப்பந்தத்திற்குக் கடும் போட்டி நிலவுகிறது.

வரலாறு

1728ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இத்தொழிலில் நுழைவோர் ஐந்தாண்டுகள் ஒருவரிடம் எழுத்தராக இருந்து தொழில் கற்க வேண்டும் என்று விதித்தது. இன்று நிறுவனம் பயிற்சியாளருக்கு ஊதியம் தருகிறது. அன்றோ பயிற்சியாளரின் குடும்பம் ஆசானுக்குப் பணம் கட்டியது. பின்னாளில் பிரதமரான பெஞ்சமின் டிசுரேலி 1821இல் இவ்வாறு ஒரு நிறுவனத்தில் சேர்க்கப்பட்டவரே. பெண்களுக்கு இவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1913இல் குவினெத் பெப் தொடுத்த வழக்கு தோல்வியுற்றது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் தடையை நீக்கிய பின், 1922இல் கேரி மாரிசன் முதல் பெண் சொலிசிட்டராகப் பதிவு பெற்றார். பயிற்சியாளர்களுக்கென ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருந்த குறைந்தபட்ச ஊதியம் 2014 ஆகத்து மாதத்தில் நீக்கப்பட்டது.

விடுமுறைப் பயிற்சியும் காலக் கணக்கும்

பல்கலைக்கழக விடுமுறைகளில் ஒன்று முதல் நான்கு வாரங்கள் வரை மாணவர்களை அலுவலகத்தில் அமர்த்திப் பார்ப்பது விடுமுறைப் பயிற்சித் திட்டம் எனப்படும். பெரிய நிறுவனங்களில் இதற்கு ஊதியம் உண்டு. பெயரளவில் இது மாணவர் தொழிலை அறிந்துகொள்ளும் வாய்ப்பு. நடைமுறையில் நீண்டதொரு நேர்முகத் தேர்வு. பல நிறுவனங்கள் தம் பயிற்சி ஒப்பந்தங்களில் பெரும்பகுதியை, சில நிறுவனங்கள் முழுவதையுமே, இதில் பங்கேற்றவர்களுக்கே வழங்குகின்றன. ஆகவே இதைத் தவறவிட்டவருக்கு அடுத்த படியும் அரிதாகிறது.

இதன் காலக் கணக்கைப் பலரும் பிந்தியே அறிகின்றனர். எடுத்துக்காட்டாக, 2026 இலையுதிர் காலத்தில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் ஒருவர் 2027 இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். 2028 கோடையில் விடுமுறைப் பயிற்சி, 2029இல் பட்டம், அதன்பின் ஓராண்டு தேர்வுப் படிப்பு, 2030இல் பயிற்சித் தொடக்கம், 2032இல் சொலிசிட்டர் பதிவு. அதாவது, பத்தொன்பது வயதில் நிரப்பும் படிவம் ஐந்தாண்டுகள் கழித்துக் கிட்டும் பதவியைத் தீர்மானிக்கிறது. வேறு துறை மாணவர்கள் வழக்கமாக இறுதியாண்டில் விண்ணப்பிப்பர். அவர்களுக்குச் சட்ட மாற்றுப் படிப்பு ஓராண்டு கூடுதலாகும்.

தெரிவு முறை

இணையப் படிவத்தில் மதிப்பெண்களுடன் சில கட்டுரை வினாக்களும் இருக்கும். ‘ஏன் எங்கள் நிறுவனம்?’ என்பது தவறாமல் வரும். எழுதிய விடையில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி வேறொன்றிற்கும் அனுப்ப முடியுமானால், அவ்விடை எந்த நிறுவனத்திற்கும் பயன்படாது.

அடுத்து, வாட்சன்-கிளேசர் எனும் திறனாய்வுச் சிந்தனைத் தேர்வைப் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. இதில் சட்ட அறிவு சோதிக்கப்படுவதில்லை. அனுமானம், மறைந்துள்ள எடுகோளைக் கண்டறிதல், உய்த்தறிதல், பொருள்கொள்ளல், வாதத்தை மதிப்பிடல் என்பன இதன் ஐந்து பகுதிகள். ‘தொடர்வண்டி தாமதம், எனவே பேருந்தில் செல்வோம்’ என்ற கூற்றில், பேருந்து விரைவில் சேர்க்கும் எனும் எண்ணம் மறைந்துள்ளதா என்பது போன்ற வினாக்களை எதிர்பார்க்கலாம். கொடுக்கப்பட்ட பத்திக்கு வெளியே தமக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்து விடையளிப்பதே நன்கு படித்த மாணவர்களும் செய்யும் பிழை. இதில் தேறியோர் குழுப் பணி, எழுத்துப் பணி, நேர்காணல் ஆகியவை கொண்ட மதிப்பீட்டு நாளுக்கு அழைக்கப்படுவர்.

2021ஆம் ஆண்டு மாற்றம்

முன்பு சட்டத்தொழில் படிப்பை (எல்.பி.சி.) ஆயிரக்கணக்கான பவுண்டு கடன் பெற்று முடித்தும், ஒப்பந்தம் கிடைக்காததால் சொலிசிட்டர் ஆக இயலாமல் துணைப் பணிகளில் தங்கிவிட்டோர் பலர். தகுதியை வழங்குவது ஆணையம் என்றாலும் வாயிலைக் காத்தவை நிறுவனங்களே. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சொலிசிட்டர் தகுதித் தேர்வு இந்நிலையைத் தளர்த்தியது. முதல் நிலையில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் நிலையில் செய்முறைத் திறன் சோதனை. இவற்றுடன் இரண்டாண்டுத் தகுதிப் பணியனுபவம் வேண்டும். அதை நான்கு அமைப்புகள் வரை பிரித்துப் பெறலாம். சட்ட உதவி மையத்தில் செய்த பணியும் துணைச் சட்டப் பணியாளராகச் செய்த பணியும் கணக்கில் சேரும்.

தேர்வுக் கட்டணம் தொடக்கத்தில் மொத்தம் 3,980 பவுண்டாக இருந்தது, பின்னர் உயர்ந்தது. பெரிய வணிக நிறுவனங்கள் தாம் தெரிந்தெடுத்தவர்களுக்கு இக்கட்டணத்தைத் தாமே செலுத்துகின்றன. மற்றவர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட வேண்டும். இந்நிறுவனங்கள் இரண்டாண்டு ஒப்பந்த முறையைக் கைவிடவில்லை. எனவே சொலிசிட்டர் ஆகும் வழி அகன்றதே தவிர, இலண்டன் பெருநிறுவனங்களுக்குள் செல்லும் வழி அகலவில்லை. 2024இல் அவற்றுட் சில, புதிதாகத் தகுதி பெற்றவரின் ஆண்டு ஊதியத்தை 150,000 பவுண்டாக உயர்த்தியதை நோக்கின் போட்டியின் காரணம் புலப்படும்.

வாய்ப்புச் சமமின்மை

வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே உறவினர் வழியாக அலுவலக அனுபவம் பெற்றுவிடுவர். இதை ஈடுசெய்ய, வசதி குறைந்த பள்ளி மாணவர்களுக்குப் பணியனுபவம் அளிக்கும் பிரைம் எனும் கூட்டு முயற்சியை 2011இல் பல சட்ட நிறுவனங்கள் தொடங்கின. மதிப்பெண்ணைப் படித்த பள்ளியின் பின்னணியோடு சேர்த்து எடைபோடும் முறையையும் சில நிறுவனங்கள் கையாள்கின்றன. பல்கலைக்கழகம் செல்லாமல், பள்ளி முடித்தவுடன் ஊதியத்துடன் ஏறக்குறைய ஆறாண்டுகள் பயிலும் சொலிசிட்டர் தொழிற்பழகுநர் முறையும் உள்ளது.

பயிற்சிக் காலம்

வழக்கமாக ஆறு மாதங்களுக்கு ஒரு பிரிவாக நான்கு பிரிவுகளில் பணி தரப்படும். ஒவ்வொன்றும் ‘இருக்கை’ எனப்படும். பயிற்சியாளர் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அறையிலேயே அமர்ந்து கற்ற வழக்கத்தை இச்சொல் நினைவூட்டுகிறது. இறுதியில் பயிற்சியாளர் சொலிசிட்டராகப் பதிவு பெற்றாலும், அதே நிறுவனம் அவரைப் பணியில் வைத்துக்கொள்ளும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் பொதுவாக இருப்பதில்லை. விரும்பிய பிரிவில் இடம் இல்லையெனில் வேறு நிறுவனத்தை நாட வேண்டும்.