கண்ணாடிப் பெட்டியும் இல்லாத கையும்

மெய்நிகர் உலகம் என்றதும் தலையில் மாட்டும் கருவியும் விளையாட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். அந்த வரலாற்றில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மவர் ஒருவருக்கும் இடம் இருக்கிறது.

மனித மூளையின் மின் அலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. இ.இ.ஜி. எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், "அசையாம படுங்க" என்பார்கள். அந்த அலை ஒரு வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. பல்லைக் கடித்தாலே தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் காட்டிய தலைத்திரையோ, தலை திரும்பத் திரும்பத்தான் காட்சியை மாற்றும். ஒன்று அசையாதே என்கிறது, இன்னொன்று அசை என்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

இங்கே எங்கள் ஊரைச் சொல்லியாக வேண்டும். அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். கை ஓடினால்தான் அடுப்பு எரியும். என் சிறுவயதில் எங்கள் தெருவில் விபத்தில் வலக்கையை இழந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "இல்லாத கை இறுக்கி மூடிக்கிட்டு, நகம் உள்ளங்கையில குத்துதுடா தம்பி" என்பார். திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டார், மந்திரித்தும் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஆனால் இந்த வேதனைக்கு 1871-லேயே 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்த டாக்டர் வெயர் மிட்செல்.

அந்தப் பெரியவர் போன்றவர்கள் பொய் சொல்லவில்லை என்று காட்டியவர்களில் முக்கியமானவர் வி.எஸ். ராமச்சந்திரன். ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் போனவர். கை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். இல்லாத விரலைத் தொடுவது போலிருக்கிறது என்றார் அவர்! மூளையில் கைக்குரிய இடமும் முகத்துக்குரிய இடமும் அடுத்தடுத்த வீடுகள். கை காலி செய்த வீட்டில் முகம் குடியேறிவிட்டது. இது 1992-இல் வெளிவந்தது. 1994-இல் மூளையின் காந்தப்புலத்தைப் பதிவு செய்து, அந்தக் குடியேற்றத்தைப் படமாகவே காட்டினார்கள்.

அடுத்தது பெட்டி. மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி, நடுவில் செங்குத்தாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதாங்க. நல்ல கையை உள்ளே விட்டு அசைத்தால், இல்லாத கையும் அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். 1996-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு அவர் வைத்த பெயரே 'மெய்நிகர் பெட்டி'. சோதித்த 10 பேரில் 6 பேருக்கு மாயக் கை அசைவது உணர்விலும் தெரிந்தது. இறுகிய மாய விரல்களால் வேதனைப்பட்ட சிலருக்கு, கண்ணாடியில் கை விரிவதைப் பார்த்ததும் இறுக்கம் தளர்ந்தது. எல்லாருக்கும் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணினி இல்லை, மின்சாரம் இல்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இப்போது கணினியும் சேர்ந்துவிட்டது. 2016-இல் சுவீடன் ஆய்வாளர்கள், கை இழந்து வெகுநாள் வலியில் இருந்த 14 பேரின் எஞ்சிய கைப்பகுதியில் மின்முனைகளை ஒட்டினார்கள். கையை அசைக்க நினைத்தால் தசை துடிக்கும். துடிப்பைப் பதிவு செய்து, திரையில் தெரியும் கையைக் கணினி அசைக்கும். 12 அமர்வுகளில் வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு நல்ல கையாவது வேண்டும். இரண்டு கையும் போனவருக்கு அது பயன்படாது. இந்த முறைக்கு அந்தத் தடை இல்லை.