மேல்காற்றுக்காகக் காத்திருந்தவர்கள்

இன்னைக்கு மருந்து, மாத்திரை எதுவும் இல்லைங்க. காற்றைப் பத்தி ஒரு வரலாறு. கடைசியில கொஞ்சம் காய்ச்சல் வரும், அதைத் தவிர்க்க முடியல.

உலக வரைபடத்துல பசிபிக் கடலைப் பாருங்க. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஃபிஜி, டோங்கா, சமோவா. அங்கிருந்து இன்னும் 2,000 கிலோமீட்டருக்கு மேல கிழக்கே போனா தாஹிட்டி. டோங்கா, சமோவா பகுதிக்கு மனுஷங்க வந்து சுமார் 2,800 வருஷம் ஆச்சு. தாஹிட்டி பக்கம் குடியேறினது அதுக்கு ரொம்பப் பிறகு, சுமார் 1,000 வருஷத்துக்கு முன்னாடி. ஆக, போனது மேற்கிலிருந்து கிழக்கே.

இங்கதான் சிக்கல். அந்தக் கடல்ல வருஷத்தின் பெரும்பகுதி காற்று வீசுறது கிழக்கிலிருந்து. பள்ளியில படிச்சோமே வியாபாரக் காற்று, அதேதான். எஞ்சின் கிடையாது, திசைகாட்டி கிடையாது, முகத்துக்கு நேரே காற்று. அப்புறம் எப்படிப் போனாங்க?

"போகவே இல்ல, தென் அமெரிக்காவிலிருந்து காற்றோட போக்குல வந்தாங்க"ன்னார் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால். சும்மா சொல்லல. 1947-ல பெருவிலிருந்து கோன்-டிக்கிங்கிற மரத்தெப்பத்துல கிளம்பி, 101 நாள் மிதந்து தாஹிட்டிக்குக் கிழக்கே இருக்கிற ரரோயா தீவுல போய் மோதினார். துணிச்சலுக்கு ஒரு சல்யூட். முடிவு மட்டும் தப்பு. மொழி, தொல்லியல், மரபணு எல்லாமே மக்கள் மேற்கிலிருந்து வந்ததைத்தான் காட்டுது.

1956-ல நியூசிலாந்தின் ஆண்ட்ரூ ஷார்ப் இன்னொண்ணு சொன்னார். இவ்வளவு தூரம் திட்டம் போட்டுப் போய்த் திரும்ப அவங்களால முடியாது, புயல்ல வழி தவறி ஒதுங்கினவங்கதான் தூரத்துத் தீவுகள்ல குடியேறினாங்கன்னு.

இவங்க ரெண்டு பேருக்கும் பதில் 1769-லயே எழுதப்பட்டிருந்தது. அந்த வருஷம் தாஹிட்டி வந்த கேப்டன் குக் கப்பல்ல துபாயான்னு ஒருத்தர் ஏறினார். பக்கத்து ரயாத்தேயா தீவுல பிறந்த பூசாரி, கடலோடி. அவர் சொன்னதை வெச்சு வரைஞ்ச வரைபடத்துல 74 தீவுகள் இருக்கு. கிழக்கே எப்படிப் போவீங்கங்கிற புதிருக்கு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நவம்பர்லருந்து ஜனவரி வரைக்கும் மழையோட மேல்காற்று வரும், அப்போ போவோம்.

அவ்வளவுதான். எதிர்க்காற்றோட மல்லுக்கட்டவே இல்ல. அது மாறும் வரைக்கும் கரையில உட்கார்ந்திருக்காங்க.

காற்று எப்படி மாறும்? தென்கோளத்துக் கோடையில அங்கே காற்றழுத்தம் குறைஞ்ச பட்டை தெற்கே இறங்கும், கிழக்குக் காற்று தளர்ந்து நடுநடுவே மேல்காற்று வீசும். குளிர்காலத்துலயும் சான்ஸ் உண்டு. தெற்கே ஒரு தாழ்வுப் பள்ளம் கடந்து போகும்போது, கிழக்கே இருந்த காற்று வடகிழக்கு, வடக்கு, மேற்கு, தென்மேற்குன்னு கடிகாரத்துக்கு எதிர்த்திசையில சுத்தி, திரும்பத் தென்கிழக்குல வந்து நிக்கும். சில நாள்தான் கிடைக்கும். மழை, காற்றடி, கொந்தளிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். அதாவது கிழக்கே போகணும்னா மோசமான வானிலையைத்தான் நம்பிப் போகணும். வெயில் அடிக்கிற அழகான நாள் அவங்களுக்கு உதவாது!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜெஃப்ரி இர்வின்ங்கிற தொல்லியலாளரோட வாதம். எதிர்க்காற்றுத் திசையில தேடிப் போறதுதான் பாதுகாப்புன்னார். யோசிச்சுப் பாருங்க. அரிதா வர்ற மேல்காற்றுல கிழக்கே போறீங்க. தீவு எதுவும் தென்படல, தண்ணி குறையுது. பழைய கிழக்குக் காற்று எப்படியும் திரும்பும், அதுவே உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டுடும். காற்றோட போக்குலயே போனவன்தான் திரும்ப வழியில்லாம மாட்டிக்குவான். எங்க ஆஸ்பத்திரி மயக்க மருந்து டாக்டர், ஊசி போடுறதுக்கு முன்னாடியே "டியூப் போகலைன்னா அடுத்து என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அதே புத்திதான் இது.

சரி, ஏட்டுல நல்லாருக்கு, கடல்ல நடக்குமா?

ஹவாய்ல பழைய முறைப்படி ஹோகுலேயான்னு ஒரு இரட்டை உடல் பாய்மரப் படகு கட்டினாங்க. எஞ்சின் இல்ல. 1976-ல மைக்ரோனேசியாவின் மாவ் பியாயிலுக், நட்சத்திரத்தையும் கடலின் அலையோட்டத்தையும் வெச்சே அதை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குக் கொண்டுபோனார். மே 1 கிளம்பி ஜூன் 4 சேர்ந்தாங்க. வழிகண்டுபிடிச்சுப் போக முடியும்னு அதுல நிரூபணம் ஆச்சு. ஆனா அது வடக்கு-தெற்குப் பயணம். மேற்கிலிருந்து கிழக்கே போறது பாக்கி இருந்தது.

அது 1986-ல நடந்தது. வழிகாட்டி நைனோவா தாம்சன், ஹவாய்க்காரர், மாவோட மாணவர். சமோவாவிலிருந்து கிளம்பி, குக் தீவுகள் வழியா, தாழ்வுப் பள்ளங்கள் கொண்டுவந்த காற்றைப் பிடிச்சுப் பிடிச்சுக் கிழக்கே நகர்ந்து தாஹிட்டி போய்ச் சேர்ந்தது படகு. மானுடவியலாளர் பென் ஃபின்னியும் மத்தவங்களும் இதைப் பத்தி எழுதின கட்டுரைக்கு வெச்ச தலைப்பே 'மேல்காற்றுக்குக் காத்திரு'தான்.

துபாயா என்ன ஆனார்னு கேப்பீங்க. குக் அவரை முதல்ல சேர்த்துக்கவே தயங்கினார், அரசாங்கம் செலவு தராதுன்னு. கப்பல்ல இருந்த பணக்கார இயற்கையியலாளர் ஜோசஃப் பேங்க்ஸ் ஏத்துக்கிட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க சிங்கம், புலி வளர்க்கிற மாதிரி இவரை வெச்சுக்கலாமேன்னு பேங்க்ஸ் நாட்குறிப்புல எழுதியிருக்கார். படிச்சப்போ எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நியூசிலாந்துல மாவோரிகளோட குக்கின் ஆட்கள் பேச முடிஞ்சதே துபாயா மொழிபெயர்த்ததாலதான்.

1770 அக்டோபர்ல கப்பல் படேவியா வந்தது, இன்றைய ஜகார்த்தா. பழுதுபார்க்க நின்ன இடத்துல மலேரியா, அங்கிருந்து கிளம்பினதும் சீதபேதி. ரெண்டும் சேர்ந்து சுமார் 30 பேரைக் கொண்டுபோச்சு. துபாயாவோட கூட வந்த தாயாத்தாங்கிற சிறுவன் முதல்ல இறந்தான். சில நாள்ல துபாயாவும் இறந்துட்டார்.