மந்தை வழியில் நாய், கேரவனில் நாய்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சாலைகளில் இன்று காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லப்படும் சக்கர வீடான கேரவனில் வளர்ப்பு நாயும் உடன் போவது, ஓய்வுபெற்றோரின் புதிய பொழுதுபோக்குப் போலத் தோன்றினாலும், அந்த நிலப்பரப்பில் மனிதரும் நாயும் சேர்ந்து வழிநடந்த வரலாறு கேரவனைவிட மிகப் பழையது. டிங்கோ எனப்படும் காட்டுநாய் 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே அக்கண்டத்தை அடைந்துவிட்டது. பூர்வகுடி மக்கள் அதைக் குட்டியாகப் பிடித்து வளர்த்து, சில பகுதிகளில் வேட்டைக்கும், குளிர்ந்த இரவுகளில் உடற்சூட்டுக்கும் பயன்படுத்தினர்.

ஐரோப்பியக் குடியேற்றத்துக்குப் பின் நாய் வழிப்பயணத்தின் கருவியே ஆயிற்று. ஆடுமாடுகளைப் பண்ணையிலிருந்து சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், நடத்திச் சென்ற கூலி மேய்ப்பர் ‘டிரோவர்’ எனப்பட்டார். அவருக்கென அரசு ஒதுக்கிய அகன்ற புல்வழிகளை மக்கள் ‘நீண்ட மேய்ச்சல் நிலம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஒரே மந்தை வழியோரப் புல்லை முழுவதும் தின்று தீர்த்துவிடாதிருக்க, நியூ சவுத் வேல்ஸில் ஆட்டுமந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மைலாவது நகர வேண்டும் என்று விதி இருந்தது. நாயின்றி அந்த விதியைக் காப்பது எளிதன்று. இசைவான இனங்களும் இத்தேவையிலிருந்தே உருவாயின. ஸ்காட்லாந்து மேய்ப்பு நாய்களின் வழியில் 1870களில் தோன்றி, விக்டோரியாவின் காஸ்டர்டன் பகுதியோடு இணைத்துப் பேசப்படும் கேல்பி ஆடுகளுக்கும், டிங்கோ இரத்தம் கலந்ததும் மாட்டின் குதிகாலைக் கவ்வி விரட்டுவதுமான புளூ ஹீலர் மாடுகளுக்கும் உரியவை. மேய்ப்பரின் வண்டியில் படுக்கையும் உணவுப் பெட்டியும் ஏறின. நாய்க்கோ பகல் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓடுவதே தொழில்.

அத்தகைய உணவுப் பெட்டியின் மீது அமர்ந்த நாயின் சிலையைக் குண்டகாய் ஊருக்கு அருகே, முன்னோடிக் குடியேறிகளின் நினைவுச் சின்னமாக, 1932 நவம்பர் 28 அன்று பிரதமர் ஜோசப் லயன்ஸ் திறந்து வைத்தார். காளைவண்டி ஓட்டிகளின் பழைய பாடல் மரபிலிருந்து எழுந்தது இச்சிலை. அந்த மரபின் ஒரு வடிவத்தில் நாய் பெட்டியில் அமரவில்லை, அதை அசுத்தம் செய்துவிட்டது. பிரதமர் கலந்துகொள்ளும் விழாவுக்கு எந்த வடிவம் ஏற்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேரவன் இதற்கெல்லாம் பிந்தியது. 1930களில் பலரும் ஒட்டுப்பலகையைக் கொண்டு தாமே அதைக் கட்டிக்கொண்டனர். பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1948இல் முதல் ஹோல்டன் கார் வெளிவந்ததும், 1950இல் பெட்ரோல் பங்கீடு நீங்கியதும், தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு விரிவடைந்ததும் சேர்ந்தே நடுத்தரக் குடும்பத்தைச் சாலைக்கு அனுப்பின. ஆயினும் நலர்பார் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலை முழுதும் தார் பூசப்பட்டது 1976இல்தான். போர்ட் ஆகஸ்டாவையும் டார்வினையும் இணைக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலைக்கு அந்நிலை 1987இல் கிடைத்தது. இடைக்காலத்தில் கால்நடைகளை லாரிகள் சுமக்கத் தொடங்கியதால் மேய்ப்பரின் தொழில் சுருங்கிற்று. அதே சாலையில் நாய் வேலையாள் என்ற நிலையிலிருந்து பயணி என்ற நிலைக்கு மாறியது.

இந்த மாற்றத்தால் நாய் அடைந்தது சுகம் மட்டுமன்று. அதன் வழியும் குறுகிற்று. நாட்டு விலங்குகளைக் காக்கும் பொருட்டு தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் வளர்ப்பு நாயை அனுமதிப்பதில்லை. பண்ணை வேலிகளில் ‘1080’ என்ற நஞ்சின் பெயர் பொறித்த எச்சரிக்கைப் பலகைகள் தொங்குகின்றன. நரி, காட்டுநாய் முதலியவற்றுக்கு இரையில் வைக்கப்படும் இந்நஞ்சின் வேதிப்பெயர் சோடியம் ஃப்ளூரோஅசெட்டேட். மேற்கு ஆஸ்திரேலியச் செடிகள் சிலவற்றில் இதே நஞ்சின் அடிப்படைப் பொருள் இயல்பாகவே இருப்பதால் அவ்வட்டார விலங்குகள் பல அதைத் தாங்கும். நாய்க்கோ மிகச் சிறிய அளவே உயிர்க்கொல்லி, முறிமருந்தும் இல்லை. எனவே கேரவன் பயணியர் பலர் அப்பகுதிகளில் நாய்க்கு வாய்ப்பூட்டு அணிவிக்கின்றனர். தங்குமிடங்களில், விடுமுறைக் காலத்து நெரிசலில் நாயை மறுக்கும் கேரவன் பூங்காக்கள் உண்டு. சிற்றூர்களின் வேளாண் கண்காட்சித் திடல்களோ பெரும்பாலும் நாயோடு வருவோருக்கு இடம் தருகின்றன. முன்பு மேய்ப்பரின் நாய்கள் போட்டியிட்ட திடல்கள் பலவும் அவற்றுள் அடங்கும்.

தாஸ்மேனியாவின் நிபந்தனை இவற்றுள் மிகத் தெளிவானது. கடல்மட்டம் உயர்ந்து தாஸ்மேனியா பிரிந்துபோன பின்னரே டிங்கோ பெருநிலத்துக்கு வந்ததால் அத்தீவில் காட்டுநாய் இல்லை. ஆனால் குடியேறிகளின் ஆட்டுப் பண்ணைகளில் நாய்க்கு ஆட்டின் பச்சை உள்ளுறுப்புகளை இட்ட வழக்கத்தால் மனிதரையும் தாக்கும் ஹைடாடிட் நாடாப்புழு நோய் அங்கே பரவியது. அதை ஒழிக்க 1960களில் தொடங்கிய இயக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அதனால் இன்றும் தீவுக்குள் நுழையும் நாய்க்கு, வருமுன் 14 நாட்களுக்குள் நாடாப்புழு மருந்து கொடுக்கப்பட்டதற்கான சான்று கேட்கப்படுகிறது.