நாவில் பதிந்த வழித்தடம்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகம் வெளியிடும் இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனக் குழுவினர் பணித்தனர். நம் முன்னோர் வரலாற்றை எழுத வல்லார் பலர் உளர். ஆதலின், ஐரோப்பாவெங்கும் சிதறி வாழும் மக்கள் ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர் முன் வைக்கத் துணிந்தோம். அவர்கள் நமக்கு முற்றும் அயலார் அல்லர்.

ஐரோப்பியர் அவர்களை ஜிப்சிகள் என்றனர். எகிப்திலிருந்து வந்தோர் எனத் தவறாக எண்ணியதால் ஏற்பட்ட பெயர் அது. அவர்களோ தம்மை 'ரோம்' என்றும், தம் மொழியை 'ரோமானி' என்றும் வழங்குவர். 'ரோம்' என்பது 'டோம்' என்னும் சொல்லின் திரிபு என்பர் மொழியறிஞர். டோம் எனப்படுவோர் யாவர்? வட இந்தியாவில் பிணஞ்சுடுதல், கூடை முடைதல், இசைக்கருவி வாசித்தல் முதலிய தொழில்களுக்கென ஒதுக்கப்பட்டு, தீண்டத்தகாதார் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்கள்.

இவ்வுறவை உலகுக்கு முதலில் உணர்த்தியது மொழியே. 1782இல் ஜெர்மானிய அறிஞர் ரூடிகரும், மறு ஆண்டில் கிரெல்மனும் ரோமானியின் தாயகம் இந்தியா என எழுதினர். அதற்கு முன்பே ஒரு கதை உலவிற்று. லைடன் நகரில் பயின்ற மலபார் மாணவர் மூவரிடம் ஹங்கேரிய மாணவர் ஒருவர் சொற்கள் பலவற்றைக் கேட்டெழுதினாராம். அவற்றைத் தம் நாட்டு ரோமாக்களிடம் படித்துக்காட்ட, அவர்கள் பொருள் கூறினராம். கதை இனிது. ஆயின் மலபாரின் மொழி நம் மொழிக் குடும்பத்தது. ரோமானியோ இந்திக்கு உறவு. ஆதலின் அக்கதையை அவ்வாறே ஏற்க நமக்கு மனம் ஒப்பவில்லை.

ரோமானியில் எண்ணிப் பார்ப்போம்: யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ். இந்தி அறிந்தார் ஆறு வரை இடர்ப்பாடின்றித் தொடரலாம். அதன்பின் எஃப்தா, ஒக்தோ, எஞ்யா என வருவன கிரேக்கச் சொற்கள். பத்து மீண்டும் இந்திய 'தெஷ்'. தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்'. ஆயின் சாலை கிரேக்கத்திலிருந்து வந்த 'த்ரோம்', குதிரை ஆர்மீனிய வழி வந்த 'கிராஸ்த்'. பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க மொழி வழங்கிய பைசாந்தியப் பேரரசு என அவர்கள் நடந்த வழி முழுவதும் நாவிலேயே பதிந்து கிடக்கின்றது.

இதனை மரபணு ஆய்வும் உறுதி செய்தது. ஐரோப்பாவின் 13 ரோமாக் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவர்களின் முன்னோர் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து ஒரே கூட்டமாகப் புறப்பட்டனர் எனக் கணித்தது. ஐதராபாத் ஆய்வு மையத்தினர் பங்கேற்று அதே ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வோ, தந்தைவழி மரபுக் குறியொன்றைப் பின்பற்றிச் சென்று, வடமேற்கு இந்தியாவின் பட்டியல் சாதியினர், பழங்குடியினரிடையே அவர்களுக்கு நெருங்கிய உறவு காணப்படுவதாகக் கூறிற்று.

புறப்பட்ட கூட்டம் சிறிது. வழியில் அது மேலும் பல குழுக்களாகப் பிரிந்தது. செம்பு வேலை செய்வோர், குதிரை வணிகர், கரடியாட்டுவோர் எனத் தொழிலால் பெயர் பெற்ற குழுக்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே மணந்துகொண்டன. புறத்தார் விலக்கியமையும் இதற்கொரு காரணம். உள்ளே பேணிய தூய்மை விதிகளும் ஒரு காரணம். சிறு வட்டத்துள் மணவுறவு நிகழ்ந்தால் மரபணு வேறுபாடு குறையும்; பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் நோயாக வெளிப்படும் வாய்ப்பு மிகும். தசைகளைத் தளரச் செய்யும் பிறவி நோய் ஒன்றிற்குக் காரணமான ஒரே மரபணு மாற்றம் பல நாட்டு ரோமாக்களிடமும், இந்தியா, பாக்கிஸ்தான் மக்களிடமும் காணப்படுவதாக 2004இல் அறிவிக்கப்பட்டது. அக்காள் மகளையே மணக்கும் வழக்கமுடைய நம்மவரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

மரபணு, கற்பிப்பார் இன்றியே தலைமுறைதோறும் சென்று சேர்கின்றது, மொழி அவ்வாறன்று. குரோஷியாவிலும் ஹங்கேரியிலும் வாழும் பயாஷ் என்னும் ரோமாக் குழுவினர் இதற்குச் சான்று. அவர்களின் உடலில் இந்திய மரபுக் குறி உண்டு. நாவில் ரோமானி இல்லை, பழைய ருமேனிய வழக்கே உண்டு. ருமேனிய நிலப்பகுதிகளில் ரோமாக்கள் பதினான்காம் நூற்றாண்டு முதல் அடிமைகளாய் உழைத்தனர்; 1855, 1856ஆம் ஆண்டுகளில்தான் அங்கு அவ்வடிமைமுறை ஒழிந்தது. ஆஸ்திரியப் பேரரசிலோ அரசி மரியா தெரேசா ரோமாக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அயலாரிடம் வளர்க்க ஆணையிட்டார். அவர் மகன் இரண்டாம் யோசேப்பு 1783இல் ரோமானி பேசுவோர்க்குத் தடியடி விதித்தார்.

மொழியறிவும் மரபாய்வும் கொடியோர் கையில் என்னவாகும் என்பதையும் மறைக்கலாகாது. நாஜி ஜெர்மனியில் ராபர்ட் ரிட்டர் என்பவர் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட ரோமா, சிந்தி மக்களின் குலவழியை ஆராய்ந்து 'தூயர்', 'கலப்பினத்தார்' எனப் பகுத்தார். அவர் துணைவர் ஏவா யுஸ்டின், நம்பிக்கையைப் பெறும்பொருட்டே அம்மக்களின் மொழியைக் கற்றார். அவர் ஆராய்ந்த அனாதை விடுதிச் சிறாருள் பெரும்பாலோர் 1944 மே மாதத்தில் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். அப்போரில் கொல்லப்பட்ட ரோமாக்களின் தொகையை அறிஞர்கள் இரண்டு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை கணக்கிடுகின்றனர்.

பள்ளியில் அம்மொழிக்கு இடந்தேடியோரும் இருந்தனர். சோவியத் நாட்டில் 1920களின் இறுதியில் அதற்கு எழுத்து வகுத்துப் பாடநூல்கள் அச்சிட்டனர். 1938இல் அப்பணி நிறுத்தப்பட்டது. 1971 ஏப்ரல் 8 அன்று இலண்டனுக்கருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, சக்கரம் பொறித்த கொடியை ஏற்றது. 1990இல் போலந்தில் கூடிய நான்காம் மாநாடு பொது எழுத்துமுறை ஒன்றை ஒப்புக்கொண்டது. அதன்பின் ருமேனியப் பள்ளிகளில் ரோமானி பாடமாயிற்று.

செக் நாட்டின் ஒஸ்திராவா நகரிலோ, ரோமாக் குழந்தைகள் அறிவுக் குறையுடையார்க்கான தனிப் பள்ளிகளில் பிறரினும் 27 மடங்கு மிகுதியாகச் சேர்க்கப்பட்டு வந்தனர். அவர்கள் மொழியையும் வளர்ப்பையும் கருதாது, செக் குழந்தைகளுக்கென அமைத்த சோதனையை வைத்தே அவர்கள் அளக்கப்பட்டனர். பதினெட்டு மாணவர் வழக்குத் தொடுத்தனர். இது பாகுபாடே என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்து, ஒவ்வொருவர்க்கும் 4,000 யூரோ இழப்பீடு வழங்கப் பணித்தது. அதற்குள் அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டிருந்தனர்.