வாய்பேசா உயிரும் வலிநீக்கும் கல்வியும்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை, தீவகத்தின் தரைவழி முடிந்து கடல்வழி தொடங்கும் இடமாகும். பண்ணைத் தாம்போதியையும் வாணர் பாலத்தையும் கடந்து வரும் பாதை இங்கு நின்றுவிடுகின்றது. இதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகையே நம்பியுள்ளனர். அரிசி மூட்டையாயினும் ஆசிரியராயினும் மருந்துப் பெட்டியாயினும் இத்துறையைக் கடந்தே அத்தீவுகளை அடைதல் வேண்டும்.

வலி தோன்றாமல் அறுவை செய்யும் கலையும் கடல் கடந்து நம்மை அடைந்ததொன்றேயாகும். அக்கலை மனிதரிடம் விரைந்து வந்தது. அவர்தம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் குதிரைக்கும் மிகப் பிந்தியே வந்தது. இத்தாமதத்திற்குக் காரணம் யாது? மருந்து கண்டுபிடிக்கப்பட்ட கதையில் மட்டும் இதற்கு விடை கிடைப்பதில்லை. அம்மருந்தைக் கையாளுமாறு மிருக வைத்தியரைப் பயிற்றிய வரலாற்றிலேயே அது கிடைக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்துக் கடலில் விலங்குகள் கப்பலேறி வந்தமைக்கு நயினாதீவிலேயே கல்வெட்டுச் சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த சாசனம், ஊர்காவற்றுறைக்கு வரும் மரக்கலங்கள் உடைந்தால் அரசுக்குரிய பங்கு எவ்வளவு என்பதைக் கூறுகின்றது. வணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் பாதி. யானையும் குதிரையும் ஏற்றிய கலமாயின் நாலில் ஒன்று. படைக்கு வேண்டிய விலங்கைக் கொணரும் வணிகனுக்கு அரசு காட்டிய சலுகை இது. விலங்கின் விலை இங்ஙனம் நுட்பமாகக் கணிக்கப்பட்டது. அதன் நோவைக் கணித்தவர் எவரேனும் உளரா?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ தரும் செய்தி இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. ஆண்டுதோறும் பெருந்தொகையான குதிரைகள் கடல்வழியே இறக்குமதியாயின என்றும், அவற்றைப் பேணத் தெரிந்த குதிரை வைத்தியர் இன்மையால் பல மடிந்தன என்றும் அவர் எழுதினார். அத்தகைய வைத்தியர் அங்குச் செல்லாதவாறு குதிரை வணிகரே பார்த்துக்கொண்டனர் என்பதும் அவர் கூற்றாகும். குதிரை மடிந்தாலன்றோ மறு குதிரை விலைப்படும்! அவர் கூற்றில் மிகை இருப்பினும், பயிற்சி பெற்ற கை இல்லாத இடத்தில் விலங்கு படும் பாட்டை அது தெளிவாக உணர்த்துகின்றது.

இதனால் நம் முன்னோர் இரக்கமற்றவர் என்று கொள்ளுதல் தவறாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தன் இரண்டாம் பாறைச் சாசனத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதாகக் கூறுமிடத்துச் சோழர், பாண்டியர் நாடுகளையும் தாம்பிரபரணியாகிய இலங்கையையும் குறிப்பிடுகின்றான். கி.பி. 4ஆம் நூற்றாண்டினனாகிய புத்ததாச மன்னன் யானைக்கும் குதிரைக்கும் வைத்தியரை நியமித்தான் என்பது சூளவம்சம் தரும் செய்தி. நோயுற்ற பாம்பொன்றின் வயிற்றைக் கீறி அம்மன்னன் குணப்படுத்திய கதையும் அந்நூலில் உண்டு. தீண்டிவிடுமோ என்று மன்னன் தயங்க, பாம்பு தன் தலையைப் புற்றின் துவாரத்தில் நுழைத்து அசைவின்றிக் கிடந்ததாம். கதையே எனினும் விலங்கு அறுவையின் அடிப்படைச் சிக்கல் அதில் அடங்கியுள்ளது. மனிதனிடம் பொறுத்துக்கொள்ளுமாறு கூறலாம். விலங்கிடம் கூற முடியாது. கதையில் பாம்பு தானாக அடங்கியது. நடைமுறையில் விலங்கை அடக்கியது கயிறு. மாட்டு வாகட ஏடுகள் நம்மவரின் கால்நடை அறிவுக்குச் சான்றாகும். ஆயினும் நாம்பனுக்கு நலமடிக்கும்போதும் குறிசுடும்போதும் நாலு பேரின் வலிமையும் நல்லதொரு வடமுமே துணையாயின.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறன்று. புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் அழைத்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் காலத்தில் வந்த குதிரைகளை நெடுந்தீவில் பெருக்கினர். அங்குள்ள குதிரை லாய இடிபாடுகளும் இன்றும் திரியும் மட்டக்குதிரைகளும் அக்காலத்தை நினைவூட்டுவன. அந்நூற்றாண்டிலேயே பிரான்சின் லியோன் நகரில் குளோட் பூர்ஜெலா முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவினார். 1791இல் இலண்டனிலும் ஒன்று தோன்றியது. எனினும் அங்குப் பயின்றோரும் குதிரையைக் கட்டி வீழ்த்தும் முறையையே கற்றனர். விலங்கு உணர்வற்ற இயந்திரம் போன்றது என்ற டேக்கார்ட்டின் கருத்து ஒருபுறம் நிலவியது. விலங்கால் சிந்திக்க முடியுமா என்பதைவிட, துன்புற முடியுமா என்பதே வினா என்று 1789இல் பெந்தம் மறுபுறம் வாதிட்டார்.

மயக்க மருந்தின் வரலாற்றில் விலங்கே முதற்படியில் நிற்கின்றது. 1814இல் சாள்ஸ் வோட்டர்ட்டனும் அவரது நண்பர்களும் தென்னமெரிக்க அம்பு நஞ்சாகிய குராரேயை ஒரு பெண் கழுதைக்குச் செலுத்தினர். மூச்சு நின்ற அக்கழுதையின் குரல்வளையைத் திறந்து துருத்தியால் காற்றூதி அதனைப் பிழைக்கவைத்தனர். அது மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. குராரே தசையைச் செயலிழக்கச் செய்யுமேயன்றி வலியை நீக்காது என்பது பின்னர் தெளிவாயிற்று. அசையாத விலங்கு வலியற்ற விலங்கு அன்று என்னும் பாடம், இன்றும் மாணவருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்றாகும். 1824இல் ஹென்றி ஹில் ஹிக்மன் விலங்குகளைக் காபனீரொட்சைட்டினால் உணர்விழக்கச் செய்து அறுவை நடத்திக் காட்டினார், அவரைப் பொருட்படுத்தினாரில்லை. 1846 ஒக்டோபர் 16ஆந் திகதி பொஸ்ரனில் மோட்டன் ஈதரின் ஆற்றலை நிறுவினார். 1847 நவம்பரில் சிம்சன் குளோரபோமைப் புகுத்தினார். அதற்குச் சில மாதங்கள் முன்னரே பிரான்சின் புளூரான்ஸ் குளோரபோமை விலங்குகளில் சோதித்திருந்தார்.

சோதனைக்கு முதலில் நின்ற உயிர், பயனுக்குக் கடைசியில் நின்றது. 1847இலேயே இலண்டனில் எட்வேட் மேஹியூ நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஈதர் கொடுத்துப் பார்த்தார். அவை எழுப்பிய ஒலி வலியின் ஒலியோ மயக்கத்தின் ஒலியோ என்று அறிய முடியாமல் அதன் பயனில் ஐயுற்றார். விலங்கின் மயக்கநிலையை அளந்தறியும் பயிற்சி எவரிடமும் இல்லாத காலம் அது. அப்பயிற்சியை முறைப்படுத்த முனைந்தோருள் பிரெடெரிக் ஹொப்டே குறிப்பிடத்தக்கவர். விலங்கு மயக்கவியல் பற்றிய அவரது நூல் 1915இல் வெளிவந்தது. 1919இல் பிரித்தானியப் பாராளுமன்றம் விலங்குகளுக்குரிய சில அறுவைகளில் மயக்க மருந்தைக் கட்டாயமாக்கியது. மனிதருக்கு ஈதர் கிடைத்து 73 ஆண்டுகள் சென்ற பின்னரே இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1926இல் வியன்னாவின் பெனஷ், பசுவின் வாலடி முள்ளந்தண்டில் விறைப்பு மருந்து செலுத்தும் முறையை விளக்கினார். 1964இல் பிரித்தானியாவில் மிருக மயக்கவியலாளர் சங்கமும், 1975இல் அமெரிக்காவில் அத்துறை வல்லுநர் கல்லூரியும் உருவாயின.

இத்துணைப் பயிற்சி எதற்கு, மனிதருக்குக் கொடுக்கும் மருந்தை எடை பார்த்துக் குறைத்துக் கொடுத்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். இனத்துக்கினம் உடல் வேறுபடுதலே இதற்கு விடையாகும். 1962இல் உருவாக்கப்பட்ட சைலசீன் என்னும் மருந்தைக் குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரைக்குரிய அளவைக் கொடுத்தால் மாடு உயிராபத்துக்குள்ளாகும். அசைபோடும் விலங்கை முற்றாக மயக்கிக் கிடத்தினால் வயிற்றில் வாயு தேங்கி மூச்சை நெருக்கும். இரைப்பை நீர் மேலெழுந்து நுரையீரலிற் புகும். ஆதலின் பசுவை நிற்கவைத்தே விலாப்புற நரம்புகளை விறைக்கச் செய்து அறுத்தல் சிறப்பு. ஆட்டுக்கு விறைப்பு மருந்து சற்று மிகினும் வலிப்புத் தோன்றும். மனிதரின் காய்ச்சலுக்குரிய பரசிற்றமோல் பூனைக்கு நஞ்சு. குதிரையோ மயக்கம் தெளிகையில் வெருண்டெழுந்து காலை முறித்துக்கொள்ளும். 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றின்படி, வயிற்றுவலி நோயற்ற குதிரைகளிற்கூட நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மயக்க அறுவையை ஒட்டி இறந்தன. பிரித்தானியாவில் நாய்களுக்கோ பத்தாயிரத்துக்கு 17 என்ற அளவே கணிக்கப்பட்டது. மருந்து கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இலங்கையில் விலங்கு வதைத் தடைச் சட்டம் 1907இல் இயற்றப்பட்டது. பல்கலைக்கழக மட்டத்தில் மிருக வைத்தியக் கல்வி 1947இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு இடம்பெயர்ந்து தனிப் பீடமாக வளர்ந்தது. தமிழகத்தில் சென்னை மிருக வைத்தியக் கல்லூரி 1903இலேயே தோன்றிவிட்டது. சட்டம் முந்தியும் கல்வி பிந்தியும் வந்த நாற்பது ஆண்டு இடைவெளி நம் நாட்டு வரலாற்றில் கவனிக்கத்தக்கது. வதை செய்யாதே என்று விதித்தல் எளிது. வதையின்றிச் செய்யும் முறையைக் கற்பித்தலே அரிது.

மாடு எல்லாவற்றையும் தாங்கும், அறுத்த மறுகணமே புல் மேய்கின்றதே என்ற கூற்று நம்மூர்களில் இன்றும் கேட்கப்படுவது. வேட்டை விலங்குக்கு இரையாகும் இனங்கள் தம் நோவை மறைத்தே பழகியவை. வெளிக்காட்டினால் பகைக்கு இலக்காகும். அதனால் நோவைக் கண்டறிதலும் ஒரு தனிக் கல்வியாயிற்று. காதின் சாய்வு, கண்ணின் இறுக்கம், நாசியின் விரிவு என்பவற்றைக் கொண்டு குதிரையின் வலியை மதிப்பிடும் அளவுகோல் 2014இல் வெளியாயிற்று. வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தி, சொல்ல இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்பதை மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்டது. வலி நீங்கிய பசு விரைவில் தீனெடுக்கும், பாலும் குறையாது. எனவே இது அறத்தோடு வருவாயும் சார்ந்த விடயமாகும்.

மீண்டும் தீவகத்தை நோக்குவோம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் நெடுந்தீவுப் படகு நின்றுவிடும். கன்று ஈன முடியாது தவிக்கும் பசு காற்று அடங்கும்வரை காத்திராது. பெரிய இயந்திரங்களை அங்குக் கொண்டுசெல்லுதலும் எளிதன்று. எனினும் பசுவுக்கு வேண்டிய விறைப்பு மருந்தும் ஊசியும் ஒரு சிறு பெட்டியில் அடங்கும். அதனைச் சரியான நரம்பின் அருகே செலுத்தும் தேர்ச்சி வைத்தியரின் கையில் அடங்கும். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்குத் திரியும் குதிரைக்குக் காயம் நேரின், தொலைவிலிருந்து மருந்தூசி எய்து மயக்கவும் தெளியும்வரை காக்கவும் தெரிந்தவர் வேண்டும். ஆகவே பட்டம் பெற்ற பின்னரும் இத்தகைய வெளிக்கள மயக்கப் பயிற்சி தீவகத்தில் கடமையாற்றுவோருக்குக் காலந்தோறும் அளிக்கப்படுதல் அவசியமாகும்.

தமிழ் பயில்வோருக்கும் இதில் ஒரு பங்குண்டு. மிருக வைத்தியப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. மாட்டின் சொந்தக்காரரோ தமிழர். எத்தனை மணி நேரம் தீன் நிறுத்த வேண்டும், மயக்கத்திலிருக்கும் மாட்டைப் பக்கவாட்டிற் சாயவிடாது நெஞ்சில் நிமிர்த்தி இருத்துவது எங்ஙனம், எக்குறி கண்டால் வைத்தியரை மீள அழைக்க வேண்டும் என்பவை அவர்க்கு விளங்கும் சொல்லில் எழுதப்படல் வேண்டும். அறுவை வைத்தியருடையது, அதன் பின்னான இரவுக் காவல் சொந்தக்காரருடையது.

அநுராதபுரத்தில் ஆட்சி புரிந்த எல்லாளன், முறையிட வருவோர் இழுப்பதற்கு ஓர் ஆராய்ச்சி மணியைத் தொங்கவிட்டான் என்றும், கன்றை இழந்த பசு அதனை இழுத்தது என்றும் மகாவம்சம் கூறுகின்றது. பேச்சில்லாத உயிரின் துயரை அரசன் கேட்க ஒரு மணி போதுமாயிருந்தது. நம் காலத்தில் அத்துயரைக் கேட்கும் செவி பயிற்சியினாலேயே அமையும். அப்பயிற்சியைக் குறிகட்டுவானுக்கு அப்பாலும் கொண்டுசேர்த்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.